ரேடியோவுக்குத் தோல் ஒட்டிய உங்கள் தம்பி

ஆம்பூர்,
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய கலையரசி அண்ணிக்கு,

மோகனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை; அங்கே உங்களுக்கும் பக்தவச்சலம் அண்ணாவுக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசின் சேதி இனிமேல்தான். போன வாரமே எழுதியிருக்க வேண்டியது, பாரதி நிற்கப் பழகியதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. போனில் சொன்னால் நீங்கள் உடனே உங்கள் தம்பியைக் கூப்பிட்டு "இன்னாடா இது" என்பீர்கள், அவர் ஒரு சிரிப்பு சிரிப்பார், உங்கள் கோபம் அதோடு போய்விடும். அதனால்தான் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் அரக்கோணம் வந்து, மாமா வைத்திருந்த, மரக்கதவு போட்ட பழைய டிவியை உங்கள் பரணிலிருந்து கேட்பார். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பாரதிக்கென்று ஒதுக்கிய உள்ளறையில் ஏற்கெனவே நாலு வால்வு ரேடியோக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு ஆளுக்கொரு போர்வை உண்டு. பாரதி எங்கள் நடுவில் படுத்து என் விலாவில் உதைக்கிறாள். போன மாதம் பீரோ உயரத்துக்கு இருக்கும் ரேடியோ ஒன்றைப் பிரித்தவர், ஏழு ஸ்க்ரூ கழற்றிவிட்டு ஆறைத்தான் எண்ணினார். ஏழாவது எங்கே என்றேன். "இங்கதான் எங்கனா இருக்கும்மா" என்றார். பாரதி எதையோ மென்றுகொண்டிருந்தாள். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து ஒன்றுமில்லையே என்று காட்ட, அதைக் குனிந்து பார்த்த உங்கள் தம்பியின் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ மேசையில் விழுந்தது. "அப்பாடா, கெடச்சிடுச்சி" என்றார். குழந்தைக்காகச் சொன்ன அப்பாடா இல்லை அண்ணி அது, ஸ்க்ரூவுக்காகச் சொன்னது.

அதே ரேடியோவில் ஸ்பீக்கரை மூடும் துணி கிழிந்திருந்தது. சத்தம் வெளியே வர, இழை விட்டு நெய்த துணி போட வேண்டிய இடம். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவர் துணியைத் தொடுவாரா? மிஞ்சிய ஆட்டுத்தோலில் நயமானதாக ஒன்றை எடுத்துவந்து, ஷூ ஒட்டும் சொல்யூஷன் தடவி, ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிவிட்டார். பார்க்க அழகுதான், பொய் சொல்லமாட்டேன். சத்தம்தான் வரவில்லை. யாரோ கிணற்றுக்குள் உட்கார்ந்து செய்தி வாசிப்பதுபோல் கேட்கிறது. ஒரு மாதமாக வால்வை மாற்றுகிறார், வயரை மாற்றுகிறார், ஏரியல் கம்பியைத் துணி காயப்போடும் கொடி வரைக்கும் இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அக்கா எட்டிப்பார்த்து, "இன்னா தம்பி, வாய்ல தோல ஒட்டிட்டு பாடுன்னா அது எப்டி பாடும்? பேஜாரா கீதே" என்றார். "இதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர்க்கா, உங்களுக்குப் புரியாது" என்றார் இவர். நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்த ஒருத்தி அதே வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவருக்கு நானும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில் டிவி. பாரதி எதைப் பார்த்தாலும் பிடித்துத் தொங்குகிறாள்; அது சாய்ந்தால் என்ன ஆகும்? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் கரண்ட் தங்கியிருக்கும். அதற்குள் விரலை விடப் பாரதிக்கு ஒரு நிமிஷம் போதும், உங்கள் தம்பிக்கு அதுவும் வேண்டாம். பழைய சாமான்காரன் எடுத்துனு போய்ட்டான் என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். பாவம் என்மேல் வரட்டும்.

அண்ணாவுக்கு என் வணக்கம். பாரதியின் முத்தம் எச்சிலோடு உங்களுக்கு. எங்களை வாழ்த்துங்கள், உங்கள் தம்பியைக் கொஞ்சம் திட்டிவிட்டு வாழ்த்துங்கள்.

உங்கள்,
மோகனா

பி.கு. (புதன்): கவரை இன்னும் ஒட்டவில்லை. நேற்று அவர் கம்பெனிக்குப் போனதும் காய் வெட்டும் கத்தியால் அந்தத் தோலை உரித்தெடுத்தேன். சத்தம் கணீரென்று வந்தது, கூடவே உர்ரென்று ஓர் இரைச்சலும். பாரதியை நசீமுன்னிசா அக்காவிடம் விட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மிச்சக் கரண்டை இறக்கி, கண்டென்சர் ஒன்றை மாற்றினேன். இரைச்சல் நின்றது. அடுப்பில் சோறு தீய்ந்தது. அப்புறம் இரண்டாவது ரேடியோவையும் பிரித்துவிட்டேன்.

டிவியைக் கொடுத்தனுப்புங்கள் அண்ணி. வண்டியில் நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். வழியில் பின்மூடியைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டாயிற்று, சாவி என் இடுப்பில் இருக்கிறது. இனி பாரதியும் உள்ளே போக முடியாது, உங்கள் தம்பியும் போக முடியாது.