கதவைவிடப் பெரிய தட்டு

அன்று காலை போட்டோகிராபர் ஒரு வைராக்கியத்தோடு எழுந்தார். மனைவியின் காதில் ஒரு சொல் விழாமல், கட்டில் அகலத் தட்டு ஒன்றை வீட்டுக்குள் நுழைத்துவிட வேண்டும்.

சாப்பிடுகிற தட்டு இல்லை. படம் கழுவுகிற தட்டு. புது நூலகத்துச் சுவர் முழுக்க, ஒட்டுப் போடாமல், ஒரே தாளில் ஆற்றுப்பாலத்தின் படம் வேண்டும் என்று நூலகர் கேட்டிருந்தார். இவரும் மார்தட்டி ஒப்புக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி அளவு பிலிமில் பாலத்தைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் உறைத்தது, அந்தப் பிலிமைக் கழுவவும் தாளைக் கழுவவும் பாத்திரம் எங்கே? திறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்காக முன்பே கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்.

"சார், நீங்க கேக்கறது தட்டு இல்ல, தோணி," என்றார் ஒரு கடைக்காரர்.

கடைசியில், மூடிவிட்ட ஸ்டூடியோ ஒன்றில் எல்லாமே இருப்பதாகத் தகவல் கிடைத்திருந்தது. பெரிய தட்டுகள், படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஆளுயர என்லார்ஜர், கழுவுதொட்டி. ஸ்டூடியோக்காரரும் யாராவது எடுத்துப் போனால் போதும் என்றிருந்தார்.

ஆனால் வீட்டில் சட்டம் வேறு. ஒரே குளியலறை. அதுதான் இருட்டறையும். துணிக்கொடியில் பிலிம் தொங்கும், சோப்புப் பெட்டியில் கிளிப் கிடக்கும், மகள் அடுப்படியில் நின்று பல் துலக்குவாள். "இனி ஒரு டம்ளர் உள்ள வந்தாலும் நான் வெளிய போயிடுவேன்," என்று மனைவி சொல்லியிருந்தாள்.

அவள் வெளியே போவதுதான் இப்போது அவருக்கும் வேண்டியிருந்தது.

"உங்க அக்காவப் பாத்து ரொம்ப நாளாச்சே. பாப்பாவயும் கூட்டிட்டுப் போய் இருந்துட்டு வாயேன்," என்றார் தேன் ஒழுக.

"அக்கா மேல என்ன திடீர்ப் பாசம்?"

"சொந்தம்னா சும்மாவா?"

"சரி, போறேன்."

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்ததும் அவருக்குத் தன் மூளை மீதே மரியாதை வந்துவிட்டது. அவள் கிளம்பினாள். இவர் சாவகாசமாகக் குளித்து, வண்டி பிடித்து, ஸ்டூடியோவுக்குப் போனார்.

அங்கே துடைத்துவிட்ட மாதிரி வெறும் தரை.

"அப்பவே ஒரு அம்மா லாரியோட வந்து அள்ளிட்டுப் போனாங்க," என்றார் ஸ்டூடியோக்காரர்.

போட்டோகிராபர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நூலகரின் முகத்தில் எப்படி விழிப்பது? சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுப்பதா? அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"அக்கா வீட்டுக்கு வாங்க. கார் ஷெட் பக்கமா வாங்க."

போனார். ஷெட்டின் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்தது. உள்ளே என்லார்ஜர் நிமிர்ந்து நின்றது. தட்டு, தோணியேதான், மேஜை மேல் கிடந்தது. அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வாரமா குளியலறைக் கதவுக்கு டேப் வச்சு அளந்தீங்க. கதவுக்குச் சட்டையா தைக்கப் போறீங்க? ஸ்டூடியோக்காரர் வேற போன் பண்ணி, தட்டு உங்க வாசல்ல நுழையுமான்னு என்னையே கேட்டார். அக்காகிட்ட கார் இல்ல, ஷெட் இருக்கு. இனி குளியலறைல குளிக்கலாம்."

மறுநாளே பிலிம் கழுவியாயிற்று. தாளைக் கழுவும்போது அவ்வளவு பெரிய தட்டை ஒற்றை ஆளால் ஆட்ட முடியவில்லை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மனைவி. சிவப்பு வெளிச்சத்தில் தாளின் நடுவே முதலில் ஒரு தூண் தெரிந்தது, பிறகு தண்ணீர், பிறகு பாலம் முழுசாக. மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது அவருக்கு.

பாரம் இறங்கிய தெம்பில் கொஞ்சம் மிடுக்கும் திரும்பியது.

"எல்லாம் சரி. உன்ன அக்கா வீட்டுக்குத்தானே போகச் சொன்னேன்?"

"அங்கதான் வந்தேன்," என்றாள் அவள் தட்டை ஆட்டியபடி. "வெறுங்கையோட எப்படிங்க வர்றது?"