எபனேசர் என்ற ஓங்கல்

ஒழுங்கான மனிதன் செய்யும் தவறுகூட ஒழுங்காகத்தான் இருக்கும். எங்கள் ஊர் சர்ச் சபைச் செயலாளரான என்னிடம் அப்போது இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒரே பழுப்பு அட்டை, ஒரே மை. தலைப்பை அட்டையின் உள்பக்கம்தான் எழுதுவேன் (வெளியே எழுதினால் அழுக்காகிவிடும்). ஒன்று கமிட்டி மினிட்ஸ். மற்றது ஓங்கல் நோட்டு. டால்பினை எங்கள் கரையில் ஓங்கல் என்பார்கள்.

தங்கை மகள் ஷைனி, ஓங்கல்கள் ஒன்றையொன்று தொட்டுப் பழகுவதை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வெளிநாட்டில் தொட்டியில் வளரும் ஓங்கல்களின் வீடியோக்களைக் காட்டி முதலில் என்னைப் பழக்கினாள். பிறகு கடியப்பட்டணத்திலிருந்து வள்ளத்தில் கூட்டிப்போனாள்.

"எது எதை எந்தத் துடுப்பால தொடுதுன்னு மட்டும் எழுதுங்க மாமா. அடையாளத்துக்கு ஒரு பேரு வச்சுக்கிடுங்க."

அந்த மாதம் என் தலைக்குள் இரண்டே பெயர்கள்தான்: எபனேசர், செல்லத்துரை. எங்கள் சபை மூப்பர்கள். காணிக்கை விளைச்சலை ஏலம்விடும் அறுப்பின் பண்டிகையில் ஒரு செந்துளுவன் வாழைக்குலைக்காக முட்டிக்கொண்டு ஆறு மாதமாகப் பேச்சில்லை. வருகிற ஞாயிறு கமிட்டியில் சமாதானம் ஆகாவிட்டால் குடும்பத்தோடு வேறு சபைக்குப் போவதாக எபனேசர் சொல்லியிருந்தார். இருவரையும் ஒரே அறைக்கு வரவைக்க ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் நடந்திருந்தேன். ஆகவே முதுகுத்துடுப்பு கிழிந்த ஓங்கல் எபனேசர். வெள்ளைத் தழும்புள்ளது செல்லத்துரை. (மூத்தவர்கள் பெயராயிற்றே, மரியாதையாகவே எழுதினேன்.)

கடற்காற்றும் வாந்தியும் சேர்ந்து என் தொண்டையை அடைத்துவிட்டன. ஞாயிறு கூட்டத்தில், போன கமிட்டியின் மினிட்ஸை எனக்குப் பதிலாக வாசிக்கச் சொல்லி நோட்டைப் போதகரிடம் நீட்டினேன். புதிதாக வந்தவர். எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பவர்.

"காலை 7.12. எபனேசர் இடது துடுப்பால் செல்லத்துரையின் முதுகைத் தடவினார். செல்லத்துரை விலகவில்லை. 7.14. செல்லத்துரை மல்லாந்து வயிற்றைக் காட்டினார். 7.15. இருவரும் உரசியபடியே மணவாளக்குறிச்சிப் பக்கம் போனார்கள்."

தடுக்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஓரத்தில் கண்மூடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், வாசிப்பு நின்றதும் பழக்கதோஷத்தில், "ஆமோதிக்கேன்" என்றார்.

செல்லத்துரை என் பக்கம் திரும்பினார். "நான் எப்பம் ஓய் வயித்தக் காட்டினேன்?"

போதகர் அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்து, அதே குரலில், "ஓங்கல்கள், தொடுதல் குறிப்பு" என்று வாசித்தார்.

எபனேசர் தாடையைத் தடவினார். "அப்பம் முதல்ல போய்த் தடவினது நானாக்கும்?"

"பின்னே? எழுதியிருக்குல்லா" என்றார் செல்லத்துரை. ஆறு மாதத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீரு விலகவும் இல்லியாம்."

"கடல்ல விலக எடம் கெடந்தும் விலகல்ல. தொட்டி மாதிரி இந்த ரூமுக்குள்ள எங்க ஓய் விலக?"

அறை முழுக்கச் சிரித்தது. எபனேசர் எழுந்துபோய் இடது கையை நீட்டினார்.

"வலது கையக் குடும்வே" என்றார் வாத்தியார்.

"ஆமோதிச்சது நீருதானே. இடதுன்னுதான் பாஸாயிருக்கு" என்றார் எபனேசர்.

செல்லத்துரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்கு முழு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சண்டை வந்தால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. என் மனைவி அடுக்களையில் பக்கத்தில் வந்து நின்று, முழங்கையால் ஒரு இடி இடிப்பாள்.

"மணியப் பாத்து எழுதிக்கிடுங்க. முதல்ல தொட்டது யாருன்னும் சேத்து எழுதணும்."