இருபது நாள் கேட்ட கப்பல் பண்டாரி

கரையான்சாவடியில் ஒரு தெரு முழுவதும் மூன்று மாதம் ஒரே மனிதரைப் பார்த்துப் பயந்து கிடந்தது என்றால், அது கப்பல் பண்டாரியைப் பார்த்துத்தான். போலீஸ்காரரைப் பார்த்துக்கூட நாங்கள் அப்படிப் பயந்ததில்லை. போலீஸ்காரர் என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். பண்டாரி வீட்டுக்குள் என்ன செய்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் தொல்லை.

பிள்ளைகளே, அது யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் பெட்டி படுக்கையோடு பூந்தமல்லிப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் இவர். எங்கள் பக்கத்து வீட்டில் குடி வந்தார். கப்பலில் சமையல் செய்கிறவரைப் பண்டாரி என்பார்கள். பேர் என்னவென்று கேட்டால், "பண்டாரின்னே கூப்பிடுங்க தம்பி, பழகிப் போச்சு" என்பார். சொந்தப் பேரைச் சொல்லாதவர் யோக்கியராக இருப்பாரா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் சுலபமாக வரும். எட்டாவது வரைதான் படித்தேன். ஒன்பதாவதும் படித்திருந்தால் குறைந்திருக்குமோ என்னவோ.

அப்போது நான் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் அளந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். வந்த மூன்றாம் நாளே பண்டாரி அங்கே வந்து நின்றார்.

"தம்பி, இது கிளிஞ்சல் சுண்ணாம்புதானே? கல்லு கலக்கலையே?"

"சுத்தமான கிளிஞ்சல்தாங்க."

அவர் நம்பவில்லை. விரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வீணைக் கச்சேரி கேட்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு, "நல்லா இருக்கு" என்று ஒரு சின்னச் சட்டி நிறைய வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். அவர் வீட்டுச் சுவரோ புகை படிந்து, வெள்ளையைப் பார்த்துப் பத்து வருஷம் ஆனதுபோல் நின்றது.

"வெள்ளையடிக்கலையா?" என்று கேட்டேன்.

"இது சாப்பாட்டுக்குத் தம்பி" என்றார்.

இதை நான் மூன்றே மூன்று பேரிடம்தான் சொன்னேன். அந்த மூவரில் ஒருவன் ஜட்கா வண்டிக் கன்னியப்பன் என்பதால், அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் பாரிவாக்கம் வரைக்கும் போய்விட்டது.

பிறகு கைதட்டல் ஆரம்பித்தது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் வீட்டுக்குள்ளிருந்து பட் பட் பட் என்று கைதட்டும் சத்தம் வரும். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் பட் பட். தனியாக இருக்கும் மனிதர் யாரைப் பார்த்துக் கைதட்டுகிறார்? உள்ளே நாடகம் நடக்கிறதா? யாருக்காவது ஜாடை கொடுக்கிறாரா? கன்னியப்பன், "அண்ணாத்தே, எண்ணிப் பாத்தேன். ஒரு தபா இருபத்திரண்டு தட்டு, ஒரு தபா இருபத்தெட்டு. கணக்கு எதுக்கோ கீது" என்று என் காதில் சொன்னான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே குட்டைச் சுவர் ஒன்று உண்டு. துணி காயப்போடும் சாக்கில் என் மனைவி கோமளா வேவு பார்த்தாள். ஒரே துண்டை ஏழு முறை காயப்போட்டுவிட்டு முகம் வெளுத்து உள்ளே ஓடி வந்தாள்.

"இன்னாங்க, அந்தாளு மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணீல போட்டு வேக வெக்கறாரு! அத்த ஊற வெச்சிக் கழுவி, தோலு போவத் தேய்ச்சி, அம்மியில முட்டி போட்டு அரைக்கறாரு. அந்த மாவத்தான் உள்ளங்கையில வெச்சித் தட்டறாரு. ரொட்டி!"

கைதட்டல் விளங்கியது. ஆனால் பயம் குறையவில்லை, கூடிவிட்டது. சுண்ணாம்பில் வெந்ததைத் தின்றால் குடல் வெந்துபோகாதா? இவர் மூன்று மாதமாகத் தின்று கொழுகொழுவென்று இருக்கிறாரே, அப்படியானால் இவர் என்ன பிறவி?

இதற்கு நடுவில்தான் கன்னியப்பன் மீன் விஷயத்தில் மாட்டினான். சந்தையில் பண்டாரி கடல் மீன் வாங்கினார். கன்னியப்பன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினான். வா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று பண்டாரி வற்புறுத்தவே, உள்ளே போய்க் குந்தினான். அரை மணி கழித்துக் குதிரையைக்கூட அவிழ்க்காமல் காளவாய்க்கு ஓடி வந்தான்.

"அடுப்பே பத்த வெக்கல நைனா! மீனத் துண்டு போட்டான். எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சான். வெங்காயம், பச்ச மொளகா, உப்பு. சொம்மா குந்திகினு கீறான். 'இன்னாண்ணா, எப்ப வேவும்?'ன்னு கேட்டேன். 'வெந்துகினு கீது பாரு'ன்றான். பாத்தா நைனா, மீனு தானா வெள்ளையா மாறிகினு வருது! நெருப்பு இல்லாம! நான் ஏன் குந்தறேன்? வந்துட்டேன்."

நெருப்பில்லாமல் மீனை வேக வைக்கிறவர் எதைத்தான் செய்யமாட்டார்? கிணற்றில் எதையாவது கலக்க வந்தவர் என்றார் ஒருவர். எதிரியின் ஆள் என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே தலையை மட்டும் ஆட்டினேன். அது திறந்ததைவிட மோசம்.

அந்த வீட்டின் சொந்தக்காரி ராசம்மா. வெற்றிலை போடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரு திங்கட்கிழமை காலையில் பண்டாரி வாசலில் போய் நின்றாள். நாங்கள் எல்லோரும் தற்செயலாக அங்கே இருந்தோம்.

"யோவ் பண்டாரி, வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள ஊட்ட காலி பண்ணிடு."

பண்டாரி ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "அம்மா, இருபது நாள் குடுங்க. அதுக்கப்பறம் நானே போயிடறேன்."

"அது இன்னாய்யா கணக்கு? இருபது நாள்ல இன்னா நடக்கப் போவுது?"

"முத்திடும்மா."

"இன்னா முத்திடும்?"

அவர் கொல்லைப்புறத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் மக்காச்சோளம் ஒரு பாத்தி நின்றது. கதிர்கள் பச்சையாக இருந்தன. ராசம்மா பார்த்தாள். நாங்கள் பார்த்தோம். ஆட்டுக்குப் போடுகிற சோளத்துக்காக ஒரு மனிதர் கை கூப்பிக் கெஞ்சுவாரா? பொய் சொல்கிறவர் கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லக்கூடாதா?

அவ்வளவுதான். தெருவில் வேறு பேச்சே இல்லை. இருபதாம் நாள் என்ன நடக்கும்? பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள், அமாவாசை வந்தது. ஒரு குடும்பம் பூந்தமல்லிக்கு எதற்காக ஓடி வந்தோம் என்பதை மறந்து, பட்டணத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தது.

கோமளாதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் சுண்ணாம்பு சுண்ணாம்புன்னு பத்த வெச்சீங்க. நீங்களே போயி இன்னான்னு கேளுங்க. பாவம், வயசான மனுஷன்."

போனேன். ஓலைப் பாய் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

மெக்ஸிகோ என்ற தேசத்தில் வெராக்ரூஸ் என்று ஒரு துறைமுகமாம். அங்கே இவருக்குக் கடுமையான ஜுரம் வர, கப்பல் இவரைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டதாம். கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் இவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாளாம்.

"பேச்சு புரியாது தம்பி. அந்தம்மா சோளக் கஞ்சி ஊத்துவாங்க, நான் குடிப்பேன். எழுந்து உக்காந்ததும் மாவத் தட்டக் கத்துக் குடுத்தாங்க. ஆறு வருஷம் அந்த அடுப்படியிலதான் இருந்தேன். கெளம்பும்போது ஒரு கை விதை குடுத்தாங்க. எங்க போனாலும் நட்டுடு, விட்டுடாதன்னாங்க. துறைமுகத்துப் பக்கம் பீப்பாயில மண்ணு போட்டுக்கூட நட்டிருக்கேன். எலி தின்னது பாதி, உப்புக் காத்துல போனது பாதி. தின்னறதுக்குச் சந்தைச் சோளம் வாங்கிக்குவேன். இது அந்தம்மா விதை. இப்ப மிச்சம் அந்த ஒரு பாத்திதான். வெள்ளிக்கெழம பச்சையா வெட்டினா விதை கிடையாது தம்பி. முடிஞ்சுது."

கதை உருக்கமாகத்தான் இருந்தது. உருக்கமாகக் கதை சொல்கிறவர்களை ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே கேட்டேன்: "எல்லார் முன்னாடியும் சமைச்சு, நீங்களே சாப்பிட்டுக் காட்டுவீங்களா?"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "எத்தனை பேர் வருவாங்க தம்பி?" என்றார். பரீட்சைக்குக் கூப்பிட்டேன், அவர் விருந்துக்கு என்று எடுத்துக்கொண்டார். மூன்று மாதமாக ஒரு விருந்தாளிகூட உட்கார்ந்து சாப்பிடாத வீடு அது.

வியாழக்கிழமை கொல்லைப்புறத்தில் தெருவே கூடியது. சோள மாவைத் தடித்த வில்லையாகத் தட்டிக் கல்லில் போட்டு, சூடு ஆறும் முன் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி அகல் விளக்கு மாதிரி செய்தார். அதற்குள் தக்காளிச் சாறு ஊற்றினார். இன்னொரு பக்கம் மாவுக்குள் மீனை வைத்து, வாழை இலையில் மடித்துக் கட்டி ஆவியில் வைத்தார். எலுமிச்சைப் புளிப்பே மீனை வேக வைத்துவிடும் என்றாலும், கன்னியப்பனுக்காக இந்த மீனை நெருப்பிலேயே வேக வைப்பதாகச் சொன்னார். கன்னியப்பன் வாசல் பக்கமாகவே நின்றான்.

இலை போட்டாயிற்று. பண்டாரி முதலில் தின்றார். ஒருவரும் கை வைக்கவில்லை.

"அவுருக்கு ஒண்ணும் ஆவாது. அவுருக்குப் பழக்கம்" என்றது ஒரு குரல்.

ராசம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "சுண்ணாம்பு போட்டத எவன்யா துன்னுவான்? வவுறு வெந்து பூடும்."

பண்டாரி பணிவாக, "அம்மா, உங்க விரல்ல இருக்கறது என்னம்மா?" என்றார்.

ராசம்மா விரலைப் பார்த்தாள். வெற்றிலையைப் பார்த்தாள். தோற்றுப் போகிறவளா அவள்? "நான் துப்பிடுவேன்யா! நீ முழுங்கறியே!"

"நானும் ஏழு தண்ணி ஊத்திக் கழுவித்தாம்மா அரைக்கறேன். சுண்ணாம்பு வாசம் போறவரைக்கும் விடமாட்டேன். சுண்ணாம்பு போடாம வேக வெச்சா மாவு ஒட்டாதும்மா, உதுந்து போயிடும்."

ராசம்மா இரண்டு நிமிஷம் மென்றாள். வெற்றிலையைத் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், ஒரு வில்லையை எடுத்துக் கடித்தாள். கோமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராசம்மா மென்றாள், விழுங்கினாள், இன்னொரு கடி கடித்தாள்.

"இன்னாய்யா இது, சப்புனு கீது?"

பண்டாரி முகம் சுண்டிப்போனது. "சப்புனா?"

"ஒறைப்பு இல்ல, புளிப்பு இல்ல. இத்தத் துன்னு எவனும் சாவ மாட்டான்யா. இதுக்கா இந்த ஜனம் இவ்ளோ பேஜார் பண்ணிச்சு? இருந்துட்டுப் போ. இருபது நாளு இல்ல, உன் இஷ்டம்."

அவருக்கு வீடு தப்பியது. ஆனால் பிள்ளைகளே, விஷம் வைக்கிறவன் என்று சொன்னபோதுகூட அவர் அப்படி வாடவில்லை. "வெராக்ரூஸ்ல இத்தச் சாப்பிடக் கப்பலை நிறுத்துவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாத்திரத்தை மூடினார். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராசம்மா ஒரு கிண்ணம் கருவாட்டுத் தொக்கோடு போய், "இத்தத் தொட்டுகினு துன்னு பாரு" என்று அவர் ரொட்டியின் மேலேயே வைத்துவிட்டாள். "ஐயோ, அதை அப்படித் தின்னக் கூடாதும்மா!" என்று அவர் கத்தியது காளவாய் வரைக்கும் கேட்டது. அப்புறம் தின்றாராம். அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லையாம்.

இருபதாம் நாள் வந்தது. யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் எல்லோரும் போயிருந்தோம். என்னதான் நடக்கும் என்று பார்த்துவிட வேண்டுமே! பண்டாரி முதல் கதிரை ஒடித்து மட்டையை உரித்தார். உள்ளே மணிகள் மஞ்சள் இல்லை, வெள்ளை இல்லை. நாவல்பழ நிறம்.

"நான் சொன்னேன்ல?" என்றான் கன்னியப்பன். "சுண்ணாம்புக்காரன் கை பட்டு சோளமே நீலமா பூட்ச்சு!"

பதினொரு கதிர் தேறியது. அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார் என்று நினைத்தேன். அவர் செய்தது வேறு. மட்டையை முடிச்சுப் போட்டு, வீட்டுக்கு ஒன்றாக எங்கள் கையில் கொடுத்தார்.

"அடுப்புக்கு மேல புகை படற எடத்துல மாட்டுங்க, பூச்சி வராது. ஒரே ஊட்ல வெச்சா எலி ஒரே ராத்திரியில முடிச்சிடும். பதினொரு ஊட்ல வெச்சா ஒரு ஊட்லயாவது நிக்கும்."

கன்னியப்பன் என் காதில், "நம்ம கையில ஏன் குடுக்கறான் நைனா? இதுல இன்னாவோ கீது" என்றான். எனக்கும் அதே கேள்விதான். மூன்று மாதம் அவரைப் பற்றி ஊரெல்லாம் பேசியவன் நான். அவரிடம் மிச்சமிருந்த அந்த விதையில் பதினொன்றில் ஒரு பங்கை என்னை நம்பிக் கொடுத்துவிட்டு, சரியாகப் பிடி என்றுகூடச் சொல்லாமல் அடுத்த வீட்டுக்காரரிடம் போய்விட்டார்.

சில மாதம் கழித்துக் கப்பலுக்கு ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தது. ஒரு சின்னப் பெட்டியோடு கன்னியப்பன் வண்டியில் ஏறிப் போனார். திரும்பி வந்து கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு தகவல் இல்லை.

எங்கள் அடுப்புக்கு மேல் ஆணியில் ஒரு கருநீலக் கதிர் தொங்குகிறது. அதைத் தொட்டால் மட்டும் ஏன் இப்படி அதட்டுகிறாய் என்று என் சொந்தப் பிள்ளைகளே கேட்கிறார்கள். ஒவ்வொரு ஆடியிலும் அதிலிருந்து மணிகளை உதிர்த்துக் கொல்லையில் நடுகிறேன். விளைந்ததும் நல்லதாக ஒரு கதிரைப் பொறுக்கி மறுபடியும் மாட்டுகிறேன். நாங்கள் யாரும் அதைச் சமைப்பதில்லை. என்றைக்காவது அந்த மனிதர் வாசலில் வந்து நின்று கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, பாருங்கள்.