கப்பல் விருந்தும் கிராணியார் கோட்டும்

ரஹாங்,
சிரம்பான்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

தங்கள் மகள் ரோகினியை என் மகன் குணாளனுக்கு எடுத்த வகையில் தங்களுக்குச் சம்பந்தியும், அதற்கு முன்னால் தாங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவனுமான மணியம் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் செல்லம்மாவும் சுகம். வாசலில் அவள் வைத்த கறிவேப்பிலை மரமும் சுகம். அங்கே கோலா கிளாவாங்கில் தாங்களும், லெட்சுமி அம்மாவும், தங்களுடைய இடது முழங்காலும் அதேபோல் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பானாக.

இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் வீட்டுப் போனை லெட்சுமி அம்மாதான் எடுக்கிறார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் நான் போனைக் கீழே வைப்பதற்குள் அது செல்லம்மாவிடம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலோ, கேள்வி என்னவென்று படிக்காமலே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். மேலும், தோட்டத்தில் லோரிக்கு டயர் கேட்டு வந்து நின்றால், "வாயால சொன்னா செல்லாது மணியம், எழுதிக் கொண்டா" என்று தாங்கள் சொல்வீர்கள். ஆகையால் கிராணி ஐயா, மன்னிக்கவும், சம்பந்தி, எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான். கப்பலில் அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாங்கள் என்ன போட்டுக்கொள்ளப் போகிறீர்கள்?

பிள்ளைகள் நம் நாலு பேரையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொன்னபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கப்பல் கம்பெனியின் குறிப்பைக் குணாளன் வாசித்துக் காட்டிய பிறகுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ராத்திரியில் ஆண்கள் அரைக்கால் சட்டை, சிலிப்பர் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வரக்கூடாதாம். அதிலும் ஒரு ராத்திரி ஃபார்மல் நைட்டாம். அன்றைக்குக் கப்பல்காரர்களே மேசை மேசையாக வந்து படம் எடுப்பார்களாம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பிள்ளைகள் குடியிருக்கும் செண்டாயான் வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு ரோகினி இப்போதே ஆணி அடித்து வைத்துவிட்டாள். நாளைக்குப் பிறக்கப் போகிற பேரப்பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து, இது யார், அது யார் என்று கேட்கும். இது ஒரு தாத்தா, அது ஒரு தாத்தா என்று சொல்ல வேண்டும். ஒருவர் தாத்தா, பக்கத்தில் நிற்பவர் அவருடைய டிரைவர் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், சம்பந்தி. அதே சமயம் தங்களைவிட ஒரு பட்டன் கூடுதலாக நான் போட்டுவிட்டால் அது மரியாதைக் குறைவாகிவிடும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றால் தாங்கள் என்ன போடுகிறீர்கள் என்று தெரியாமல் நான் எதைப் போடுவது?

சுற்றி வளைத்து விசாரித்துப் பார்த்தேன். ரோகினியிடம் கேட்டதற்கு, "அப்பாவுக்கு என்ன மாமா, எதைப் போட்டாலும் எடுப்பாத்தான் இருப்பாரு" என்றாள். பெற்ற மகள் அப்படித்தான் சொல்வாள், அது சாட்சியில் சேராது. குணாளனிடம் கேட்டேன். "கிராணியா இருந்தவரு லா, கோட்டு இல்லாமலா இருக்கும்" என்றான். அதைக் கேட்டதும் எனக்குப் பழைய தீபாவளி ஞாபகம் வந்துவிட்டது. தீபாவளி அன்று துரை பங்களாவில் விருந்துக்குத் தாங்கள் டை கட்டிக்கொண்டு போவீர்கள். லோரியைக் கழுவி, முன் சீட்டில் துண்டு விரித்து, தங்களை ஏற்றிக்கொண்டு போனது நான். தாங்கள் உள்ளே போனதும் நான் வாசலில் மட்கார்டில் சாய்ந்துகொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் தாங்கள் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவீர்கள். தாங்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுவும் தங்களுக்குப் பக்கத்தில். டைக்கே அந்த எடுப்பு என்றால் கோட்டுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்து, நானும் கோட்டுக்கு இறங்கிவிட்டேன்.

முதலில் அலெக்சாண்டரிடம் போனேன். என்னோடு லோரியில் இருந்தானே, அவன்தான். இப்போது தேவாலயத்தில் அடக்கச் சங்கத்துக்குத் தலைவனாக இருக்கிறான். நல்ல கறுப்புக் கோட்டு ஒன்று வைத்திருக்கிறான். "எடுத்துக்க லா, ஆனா வீட்டுக்குள்ளயே போட்டுப் பழகு" என்றுதான் கொடுத்தான், ஏன் என்று சொல்லவில்லை. புதுச் செருப்பு என்றாலும் நாலு நாள் நடந்து பழகினால்தானே கடிக்காமல் இருக்கும், கோட்டும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, கப்பல் சாப்பாடு சாயங்காலம்தானே என்று அதே நேரம் பார்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் புறப்பட்டேன். அந்த வெக்கையில் பாதி வழியிலேயே கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தாயம்மா வீடு. தாயம்மாவின் வீட்டுக்காரர் காலையில் போர்ட்டிக்சனுக்கு மீன் பிடிக்கப் போனவர், போனையும் எடுக்கவில்லையாம். அந்தம்மா எட்டிப் பார்த்தது, கறுப்புக் கோட்டைப் பார்த்தது, அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ரஹாங்கில் இழவுச் செய்தி சொல்ல வரும் அந்தக் கோட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. "எப்போ நடந்துச்சு, அதையாவது சொல்லுங்கண்ணே" என்று அழுதது. அழுகிற பொம்பளையிடம் நான் என்ன சொல்வது, "மனச தேத்திக்கம்மா" என்றேன். அதற்குப் பிறகு சொல்லவா வேண்டும். பக்கத்து வீட்டார் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், ஒருவர் கூடாரக்காரருக்குப் போன் அடித்தார், இன்னொருவர் என் கையில் கறுப்புக் காபியைத் திணித்தார். கூட்டம் தெரு முனை வரை சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்காரரே மோட்டாரில் வந்து இறங்கினார். கையில் மீன் பை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூட்டத்துக்குள் புகுந்து, என் காதருகில் குனிந்து, "யாருப்பா போயிட்டா?" என்று கேட்டார். கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ரொட்டி வாங்கவில்லை.

இரவல் கோட்டு ஆகாது, சொந்தமாகத் தைத்துக்கொள்வதுதான் கௌரவம் என்று அடுத்து அர்ச்சுனன் தையல் கடைக்குப் போனேன். அர்ச்சுனன் தங்கமான மனிதர், கை வேகம். ஆனால் இந்த வருஷம் முழுவதும் காவல்கார கம்பெனி ஒன்றுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொண்டிருக்கிறார் என்பதை நான் யோசிக்கவில்லை. கருநீலத் துணி எடுத்துக் கொடுத்தேன். கோட்டு அருமையாக வந்திருந்தது. ஆனால் தோளில் இரண்டு பக்கமும் பட்டை, நெஞ்சில் மூடி வைத்த பாக்கெட், அதன் மேல் விசில் மாட்ட ஒரு வளையம். "கைப்பழக்கத்துல வந்துடுச்சு அண்ணே, பிரிச்சா ஓட்டை தெரியும், போடுங்க, கம்பீரமாத்தான் இருக்கு" என்றார். கம்பீரமாகத்தான் இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. அதைப் போட்டுக்கொண்டு செல்லம்மாவோடு சிரம்பானில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனேன். அவள் உள்ளே போய் இடம் பிடிப்பதாகச் சொன்னாள், நான் மண்டப வாசலில் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது, ஒரு மலாய்க்காரர் கண்ணாடியை இறக்கி, "பக்சிக், பார்க்கிங் மானா?" என்று மரியாதையாகக் கேட்டார். வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்ட மனிதருக்குக் கையைக் காட்டினேன். பின்னாலேயே இன்னொரு கார் வந்து கோணலாக ரிவர்ஸ் எடுத்தது. காலமெல்லாம் மலைப்பாதையில் லோரி ஓட்டியவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா, தாங்களே சொல்லுங்கள். "வா வா, ஒடிச்சு வா, போதும்" என்று ஆரம்பித்தவன், கடைசி கார் நிற்கும் வரை ஓயவில்லை. அன்றைக்கு ஒரு வண்டியிலும் ஒரு கீறல் விழவில்லை, அதை நான் பெருமையாகவே சொல்வேன். பிறகு உள்ளே போகலாம் என்று திரும்பினால், பெண்ணின் தகப்பனார் ஓடி வந்து, "பாவம், நின்னுகிட்டே இருக்கீங்க, சாப்பிடுங்க" என்று என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சம்பந்தி, சிரிக்காதீர்கள். கோட்டு போட்டும் நான் வாசலில்தான் நின்றேன்.

அன்றோடு கோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வேட்டி கட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது, கப்பல் மாடியில் அடிக்கிற காற்றை நினைத்து அதையும் விட்டேன். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. நம் நாட்டில் மந்திரி வருகிற விருந்தானாலும் அழைப்பிதழில் கோட்டு அல்லது பூவும் இலையும் போட்ட நீண்ட கை பாத்திக் சட்டை என்றுதானே போடுகிறார்கள். நீண்ட கை பாத்திக் கோட்டுக்குச் சமம், போட்டவனைச் செத்த வீட்டுக்காரன் என்றும் சொல்ல மாட்டார்கள், காவல்காரன் என்றும் சொல்ல மாட்டார்கள். கப்பலுக்கும் அது ஆகும் என்று குணாளன் விசாரித்துச் சொல்லிவிட்டான். செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிரம்பானில் ஒரு கடையில் பழுப்பு நிறத்தில் இலை போட்ட பாத்திக் சட்டை ஒன்று எடுத்தாயிற்று. இதுதான் முடிவு. இனி மாற்ற மாட்டேன்.

ஆகையால் தங்களிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது, தாங்களும் அன்றைக்கு ஒரு நீண்ட கை பாத்திக் சட்டைக்கு இறங்கி வர வேண்டும். தங்கள் கோட்டு எப்பேர்ப்பட்ட கோட்டாக இருந்தாலும் அதைத் தயவுசெய்து கோலா கிளாவாங்கிலேயே அலமாரியில் தொங்கவிடவும். கேட்பது பெரிய காரியம் என்று தெரியும். லோரிக்கு டயர் கேட்டபோதுகூட நான் இவ்வளவு கெஞ்சியதில்லை. ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு படம். பதிலைத் தாங்களும் எழுத்திலேயே கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

லெட்சுமி அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலுக்குச் சூடாக எண்ணெய் தேய்க்கவும். அலை ஆட்டம் யாருக்கும் தலை சுற்றாமல், பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நம் இரு வீடும் ஒரு வீடாக இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
மணியம்

பின்குறிப்பு: உறையை ஒட்டியாகிவிட்டது, பிரித்து எழுதுகிறேன். அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று செல்லம்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தங்களிடம் கோட்டே கிடையாது என்று லெட்சுமி அம்மா எப்போதோ அவளிடம் சொல்லிவிட்டாராம். துரை பங்களாவுக்குக் கட்டிக்கொண்டு போன டைகூடப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருடையதாமே. மணியம் கோட்டு மேல் கோட்டு எடுக்கிறார் என்று ரோகினி சொன்னதைக் கேட்டு, "நான் அவரு பக்கத்துல எப்படி உக்காருறது" என்று தாங்கள் கப்பலுக்கே வரமாட்டேன் என்று முரண்டு பிடித்து, கடைசியில் பாத்திக் சட்டை எடுத்துக் கொடுத்துத்தான் தங்களைச் சமாதானப்படுத்தினார்களாம். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று செல்லம்மாவைக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லியே" என்கிறாள். என் சட்டையை எடுத்த கடையிலேயே அவளும் லெட்சுமி அம்மாவும் பேசி வைத்துத் தங்களுக்கும் எடுத்தார்களாம். அதே பழுப்பு, அதே இலை.

ஆகவே மேலே எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குணாளன் வந்து கப்பல் கம்பெனியின் படங்களைப் போனில் காட்டினான். ஃபார்மல் நைட் அன்று அங்கே மேசைக்கு மேசை தட்டு தூக்குகிற பையன்கள் எல்லாரும் நீண்ட கை பாத்திக்தான் போட்டிருக்கிறார்கள். பழுப்பு நிறம், இலை போட்டது.

சட்டையை மாற்றிவிடலாம் என்றாள் செல்லம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். தாங்களும் மாற்ற வேண்டாம், சம்பந்தி. மாற்றினால் யார் என்ன போடுகிறார் என்று மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். படத்தில் இரண்டு தாத்தாவும் ஒரே மாதிரி இருப்போம், அது போதும். யாராவது நம்மைக் கையைத் தட்டிக் கூப்பிட்டுச் சூப் கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்து போவோம். முதல் மேசைக்கு என்ன வேண்டும் என்று தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் தட்டைத் தூக்கி வருகிறேன். இரண்டாவது மேசையிலிருந்து வேலையை மாற்றிக்கொள்ளலாம்.