பூச்சிப் பல்லும் பழனிவேல் மாமாவும்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாதமாகப் பல் டாக்டரை யாரும் தேடவில்லை. தேடுவானேன்? பூச்சிச் சித்தர் சடையப்பன்தான் வந்துவிட்டாரே! தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே காய்ச்சிய கல்லை வைத்து, அதன்மேல் கண்டங்கத்திரி விதையைத் தூவுவார். எழும் புகையை வாய் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பார்த்தால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி! பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றும் லாரியில் பல்வலி ஏறி வந்தது.

ரேகாவும் எட்டு வயது மகள் கனிமொழியோடு வந்திருந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட முன்பல் கறுத்து, ஈறில் சீழ் வைத்திருந்தது. துணைக்கு வந்தவர் ரேகாவின் தாய்மாமன் பழனிவேல்.

சித்தர் பல்லைத் தட்டிப் பார்த்தார். "வேர்ல பூச்சிம்மா. புடுங்கிக் கூரை மேல போட்டுடு. புதுசா மொளைக்கும்."

மாமாவுக்குச் சுர்ரென்றது. "ஏம்மா ரேகா, சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் டாக்டரம்மா என்னா சொன்னாங்க? இது பால் பல்லு இல்ல, விழுந்து மொளைச்ச பல்லு. இன்னொரு வாட்டி மொளைக்காது. அடிபட்டதுல உள்ள நரம்பு செத்துப்போச்சு, வேரு முழுசா வளரல, நுனி தொறந்து கெடக்கு. சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு நுனிய அடைச்சா பல்ல காப்பாத்திடலாம்னாங்கல்ல?"

"அவுங்க நாலஞ்சு வாட்டி வரச் சொல்றாங்க மாமா. சாமி ஒரே நாள்ல முடிச்சுடுறாரு."

முடித்துவிடுவார்தான், சந்தேகமென்ன! சித்தர் பல் பிடுங்கும் குறடைக் கையில் எடுத்தார். கனிமொழி வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் அறிவாளி அவள் ஒருத்திதான்.

"மொதல்ல என்னைப் பாரு சாமி, கடவாப்பல்லு குடையுது" என்று மாமா முன்னால் போய் உட்கார்ந்தார். புகை எழுந்தது. பூச்சி மிதந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எங்க இருந்துச்சு சாமி?"

"எல்லாம் கடவாப்பல்லு வேர்லதான்!"

மாமா வாய்க்குள் கையை விட்டு, மேல் பல்செட்டையும் கீழ் பல்செட்டையும் கழற்றிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பொக்கை வாயைத் திறந்து கேட்டார்.

"இதுல வேரு எங்கன்னு காட்டு! நானும் விழுந்த பல்லையெல்லாம் கூரை மேலதான் போட்டேன். மொளைச்சது புல்லுதான்யா!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அடுத்து, யாரும் வாயைக் காட்டாமல், கூட்டத்தில் இருந்தவர்களே விதையைக் கல்லில் தூவிப் பார்த்தார்கள். அதே பூச்சி! சூட்டில் வெடித்த விதையின் முளைதான் இத்தனை நாளும் பூச்சியாக நெளிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணோம். குறடு மட்டும் கிடந்தது.

ரேகா அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஏறினாள். நாலைந்து தடவை நடந்தாள், பல் நின்றது. கனிமொழி இப்போது கொய்யாக்காயை அந்த முன்பல்லால்தான் கடிக்கிறாள்.

பல்லைத் தினமும் துலக்குகிறீர்களே ஐயா, அறிவைத் துலக்க வேண்டாமென்று எந்தச் சாமி சொன்னது?