வேலியோர மேதையும் ஒரு கொடியும்

முப்பத்தொரு ஆண்டுகள். நானூற்றுச் சொச்சம் ஆட்டங்கள். ஒரு தவறான தீர்ப்பு கிடையாது. எந்த நடுவருக்கும் வாய்க்காத இந்தச் சாதனை, ஒருநாளும் நடுவராக இருந்திராத ஃபெர்னான் லாபார்த்துக்குச் சொந்தம். வேலியோர மேதை என்னும் இனத்தில் எங்கள் மோன்ப்ரூயி ஊர் வளர்த்தெடுத்த முழு உருப்படி அவர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. ஞாயிறு மூன்று மணிக்கு ரக்பி மைதானத்து இரும்புக் கம்பியில் முழங்கையை ஊன்றி, ஒரு கையில் ரொட்டிக்குள் பன்றிக்கறி, மறு கையில் சிவப்பு ஒயின், வாய் நிறைய ஆலோசனை என்று நிற்பவர் யாரோ, அவரேதான். ரிசர்வ் அணியில் நான்கு ஆட்டம் ஆடியிருப்பார். நான்கிலும் தோற்றிருப்பார். அதனால் என்ன? “எங்க காலத்துல...” என்று தொடங்க நான்கு போதாதா?

இந்தப் பருவம் மேதைக்கு விருந்து. பத்தொன்பது ஆட்டங்களில் பதினான்கு தோல்வி. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் டிராக்டரிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்தார். திராட்சை அறுவடை என்று பாதி அணி வரவில்லை. ஒருமுறை பேருந்து வேறு ஊருக்கே போய்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஃபெர்னான், “நான் அப்பவே சொன்னேன்” என்றார். எப்போது சொன்னார்? அதை மட்டும் சொல்ல மாட்டார். தோற்ற மாலையெல்லாம், “இனிமே இந்தப் பக்கம் வந்தா என்னன்னு கேளு!” என்பார். அடுத்த ஞாயிறு அவர் வந்த பிறகுதான் வாசல் கேட்டையே திறப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் அணி கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கப் போகும்போதெல்லாம் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தொப்பியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொள்வார். தான் பார்த்தால் பந்து உள்ளே போகாதாம். ஆக, முப்பத்தொரு ஆண்டில் எங்கள் அணியின் ஒரு உதையைக்கூட அவர் பார்த்ததில்லை. விமர்சித்தது எல்லாவற்றையும்.

கடைசி ஆட்டம் வந்தது. வென்றால் இதே பிரிவில் நீடிப்போம். இல்லையென்றால், பக்கத்து ஊர் வெர்னாக் ஆடும் கீழ்ப்பிரிவு. “நீங்கல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு!” என்று வெர்னாக் சந்தையில் பன்னிரண்டு ஆண்டுகளாக முழங்கி வருபவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

நடுவருக்கு உதவியாகக் கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு அணியும் ஓர் ஆளைத் தர வேண்டும். எங்கள் ஆள் மாட்டு மருத்துவர்; ஒரு பசுவின் பிரசவத்துக்கு ஓடிவிட்டார். கிளப் தலைவி சொலாஞ்ச் கொடியோடு நேராகக் கம்பிக்கு வந்தார்.

“ஃபெர்னான், உள்ள வா.”

“நானா? எனக்கு முழங்கால் வலி சொலாஞ்ச்...”

“முழங்கால யாருய்யா கேட்டா? கண்ணு போதும். இத்தனை வருஷமா உனக்கு மட்டும்தானே எல்லாம் தெரியுது!”

வேலி முழுக்கச் சிரித்தது. மேதை கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். பத்தாவது நிமிடமே, “யோவ், கண்ணாடிய வீட்லயா வெச்சிட்டு வந்த?” என்று ஒரு குரல். அவருடைய சொந்த வசனம். இப்போது வேறு வாயில்.

கடைசி நிமிடம். 15–17 என்று பின்தங்கியிருந்தோம். எங்களுக்கு ஒரு பெனால்டி. உள்ளே போனால் மூன்று புள்ளி, வெற்றி. தபால்காரர் பெனுவா பந்தை நிறுத்தினார். அன்று அவர் ஏற்கெனவே உதைத்த மூன்றும் தேவாலயப் பக்கம் போயிருந்ததால், அதுவரை யாரும் ஃபெர்னானின் கொடியைத் தேடவில்லை. கம்பத்துக்கு ஒருவராக இரு கொடிக்காரர்களும் பின்னால் நின்றார்கள்; பந்து உள்ளே போனால் கொடியைத் தூக்க வேண்டும்.

பெனுவா உதைத்தார். பந்து இடது கம்பத்தின் உச்சிக்கும் மேலே பறந்தது. உள்ளேயா, வெளியேயா? எதிரணிக்காரர் கொடியைத் தூக்கவில்லை. நடுவர் இடது கம்பத்தடியில் நின்ற எங்கள் ஆளைப் பார்த்தார். தெரிந்தது ஒரு முதுகு. பல்லில் தொப்பி.

நடுவர் ஓடிவந்தார். “ஐயா, உங்க தலைக்கு மேலதான் போச்சு. உள்ளயா, வெளியயா?”

முந்நூறு பேர் மூச்சைப் பிடித்தோம். ‘உள்ளே’ என்ற ஒரு சொல் போதும். ஃபெர்னான் தொப்பியை வாயிலிருந்து எடுத்தார்.

“எனக்குத் தெரியல. நான் பாக்கல.”

முப்பத்தொரு ஆண்டில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. நடுவர் புள்ளி இல்லை என்று கைகாட்டி, ஆட்டம் முடிந்ததென்று ஊதினார்.

கிளப் மதுக்கடையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெனுவாதான் ஒரு கோப்பையோடு போனார்.

“உள்ளன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா.”

“பாக்காதத எப்படிடா சொல்றது?” என்றார் ஃபெர்னான். மதிக்கத்தக்க மனிதர் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது கோப்பை வரைக்கும். “ஆனா நீ கொஞ்சம் வலது பக்கம் பாத்து உதைச்சிருக்கணும். நான் அப்பவே...”

சிரிக்கிறீர்கள். நல்லது. ‘அவ்வளவு பக்கத்தில் நின்றும் பார்க்காமல் விடுவானா ஒருவன்? நானாக இருந்தால்...’ என்று சற்று முன் உங்கள் மனதில் ஓடியதே, அப்போது உங்கள் முழங்கை எதன் மேல் ஊன்றியிருந்தது? ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

செப்டம்பர் பதினான்கு, ஞாயிறு, மூன்று மணி. கீழ்ப்பிரிவில் எங்கள் முதல் ஆட்டம், வெர்னாக்கில். கொடி பிடிக்க ஆள் தேவை என்று கிளப் கதவில் சொலாஞ்ச் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். இதுவரை யாரும் பெயர் எழுதவில்லை.