புரட்டாசியில் ஒரு தொட்டிக்கோழி

இந்தப் புரட்டாசியில் என் வீட்டில் கோழிக்கறி தின்றே தீருவது என்று முடிவு செய்தேன். சும்மா ஒரு துண்டு இல்லை, சட்டி நிறைய. அதுவும் தெய்வநாயகி கையாலேயே சமைத்து.

தெய்வநாயகி என் மனைவி. புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கறிச்சட்டி பரணுக்குப் போய்விடும். முட்டை என்ற சொல்லைக்கூட உரக்கச் சொல்லக்கூடாது. நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு முப்பது நாள் முட்டை என்று சொல்லாமல் இருந்து பாருங்கள், தெரியும். ரோட்டில் போகிற லாரியில் பாதி முட்டை லாரி.

ஆனால் இந்த வருடம் என் பக்கம் விஞ்ஞானம் இருந்தது.

இருபது வருடம் கோழிப்பண்ணை சூப்பர்வைசராக இருந்த நான், போன தை மாதம் முதல் ராசிபுரம் ரோட்டில் ஓர் ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அங்கே கோழியைக் கொல்லாமலே கோழிக்கறி தயாரிக்கிறார்கள். உயிருள்ள கோழியிடமிருந்து ஊசி முனையில் கொஞ்சம் செல் எடுப்பார்கள். கோழி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மேயப் போய்விடும். அந்தச் செல்லைப் பெரிய எவர்சில்வர் தொட்டியில் விட்டுத் தீனி போட்டு வளர்த்தால் கறி. பணக்கார நாடுகளில் அந்தத் தீனிக்கே சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் விஞ்ஞானி இனியா மேடம் நம்ம ஊர்க் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து சர்க்கரை எடுத்து ஊட்டி வளர்க்கிறார். சேலம் ஜில்லாவில் ஜவ்வரிசி ஆலை இருக்கிறவரை எங்கள் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை.

அங்கே என் பதவி சுவை அலுவலர். தொட்டிக்கறி நாட்டுக்கோழி மாதிரி இருக்கிறதா என்று தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கென்றே ஆண்டவன் படைத்த உத்தியோகம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இனியா மேடம் அரைக்கிலோ டப்பா ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். "வீட்டு அடுப்புல, நம்ம ஊர் மசாலாவுல எப்படி வருதுன்னு பார்க்கணும் சார். புரட்டாசி முடிஞ்சு செஞ்சாப் போதும்" என்றார். முதல் வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே பெட்டியைத் தெய்வநாயகி முன்னால் வைத்தேன்.

"நாயகி, இதைப் பார்த்தாக் கறி மாதிரி இருக்கும். ஆனாக் கறி இல்லை."

"பின்ன என்னுங்க?"

"கொல்லலை. அறுக்கலை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இதுக்குச் சொந்தக்காரக் கோழி இந்நேரம் பண்ணையில மேஞ்சுக்கிட்டு இருக்குது."

"அப்படிங்களா?"

"தின்னதெல்லாம் குச்சிக்கிழங்குச் சர்க்கரை. கிழங்கைத் தின்னு வளந்தது சைவமா, அசைவமா?"

"பன்னி கூடத்தான் கிழங்கு திங்குதுங்க."

"பன்னிக்குக் காலிருக்குது. இதுக்குக் காலிருக்குதா? தலையிருக்குதா? கொக்கரிக்குதா?"

"இல்லீங்க."

"கத்திரிக்காய்க்குக் காலிருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான்!"

தெய்வநாயகி கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். இருபத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் நான் சொன்னதைக் கேட்டு அவள் யோசித்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் புல்லரித்தது.

"நீங்க தின்னு பாத்தீங்களா?"

"இந்த வாரத்துல மட்டும் மூணு வாட்டி."

"சுத்த சைவங்கறீங்க?"

"சுத்த சைவம்."

"கண்ணாத்தாக்கா முன்னால சொல்லுவீங்களா?"

"நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல மைக் வெச்சுச் சொல்லுவேன்."

மைக் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் காம்பவுண்டு சுவரில் ஏற்கனவே சாய்ந்திருந்தார்.

"ஏனுங் தம்பி, நெசமாலுமே சைவந்தானுங்களா?"

"ஆமாங்க்கா. கோழி உருவத்துல ஒரு காய்னு வெச்சுக்கங்க."

"காலம் எப்படிப் போகுது பாரு சாமி" என்றார் கண்ணாத்தாள்.

"சரிங்க. நாளைக்கே செஞ்சு போடறேன்" என்று தெய்வநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். மீசை போன வருடமே எடுத்தாகிவிட்டது. இருந்தாலும் முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை வீடு கழுவி விட்டிருந்தது. சமையலறையிலிருந்து மிளகும் தேங்காயும் வதங்குகிற வாசனை. சுவை அலுவலரின் மூக்குக்குப் பொய் சொல்ல முடியாது. நாட்டுக்கோழி வறுவலேதான். கூடத்தில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை செய்தேன்.

"நாயகி, மிளகு தூக்கலா இருக்கட்டும்."

"சரிங்க."

"பூண்டு நெறையாப் போட்டியா?"

"வெங்காயம், பூண்டு ரெண்டுமே சேக்கலீங்க."

"ஏம் புள்ள?"

"பெருமாளுக்கு ஆகாதுங்களே."

எழுந்து நின்றேன். "இதுல பெருமாள் எங்க வந்தாரு?"

"மொதச் சனிக்கிழமைங்க. தளிகை போடணுமில்ல? ஊட்டுல செஞ்சதைச் சாமிக்கு வெக்காம நாம திங்கறதா? சுத்த சைவந்தானுங்களே!"

பெருமாள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. இலையில் சோறு, பருப்பு, வடை, சர்க்கரைப் பொங்கல், கத்திரிக்காய்ப் பொரியல். பொரியலுக்குப் பக்கத்தில் கிண்ணம் நிறையக் கருகருவென்று வறுவல். கண்ணாத்தாள் குளித்து நாமம் போட்டுக் கைகூப்பி நின்றிருந்தார். தெய்வநாயகி சூடத்தட்டை என் கையில் கொடுத்தாள்.

"காட்டுங்க."

"இந்த வாட்டி நீ காட்டேன்."

"வருசா வருசம் நீங்கதானுங்களே காட்டறீங்க."

தீக்குச்சி உரசினேன். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. மூன்றாவது என் விரலைச் சுட்டது. படத்திலிருந்த பெருமாள் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

"நாயகி, அந்தக் கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் ஓரமா…"

"அப்பக் கத்திரிக்காயையும் எடுத்துரட்டுங்களா? ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

விஞ்ஞானம் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியவில்லை.

"கறிதான் நாயகி! கோழிக்கறியேதான்! எடுத்துரு!"

"அப்ப இந்த வாரம் மூணு வாட்டி தின்னீங்களே, அது?"

"அதுவும் கறிதான்."

"கோவிந்தா!" என்றார் கண்ணாத்தாள். பெருமாளைக் கூப்பிட்டாரா, என் கதையைச் சொன்னாரா என்று விளங்கவில்லை.

"புரட்டாசியில கறி தின்னுட்டுப் பெருமாள் முன்னால சூடத்தோட வேற நின்னுட்டீங்க" என்று தெய்வநாயகி நிதானமாகத் தீர்ப்பு வாசித்தாள். "வர்ற சனிக்கிழமை சேந்தமங்கலம் போயி நைனாமலைப் பெருமாள் கோயிலுக்கு ஏறிட்டு வந்துருங்க. அடிவாரத்துல இருந்து, எங்கயும் உக்காராம."

"ஆயிரக்கணக்குல படி புள்ள! என்ற முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"தொட்டியில வேற முழங்கால் வளத்தித் தருவாங்களான்னு மேடத்துகிட்டக் கேளுங்க."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி? ஆனால் அவள் கிண்ணத்தை எடுக்கவில்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். ஒரே உரசலில் சூடம் பற்றிக்கொண்டது. இலை முழுவதுக்கும், கிண்ணத்துக்கும் சேர்த்தே காட்டினாள். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நாயகி! கறி!" என்று அலறிவிட்டேன்.

அவள் கண்ணாத்தாளுக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் நிதானமாக மென்று, "உப்பு ஒரு கல்லுக் கம்மி சாமி" என்றார்.

"உங்க டப்பா பிரிக்காம ஐஸ் பெட்டியோட மாடிப்படிக்கு அடியில இருக்குதுங்க. பெருமாளுக்கு வெக்கிற சட்டியில அதைப் போடுவனா நானு?"

"அப்ப இது?"

"மீல்மேக்கருங்க."